சாலை இல்லாத இடத்தில்

கோட்டைக்குப்பத்துப் படகு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனதும், ஓட்டுகிறவர் ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்ப்பார். பழவேற்காட்டு லைட் ஹவுஸ் ஓர் அடையாளம். பக்கத்தில் தெரியும் தோப்பு இன்னொன்று. இரண்டும் எவ்வளவு விலகித் தெரிகின்றன என்பதை வைத்தே படகு நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார். காருக்கு வழி சொன்ன தொடக்கக் காலக் கருவிகளில் ஒன்று இத்தகைய கடல் அறிவிலிருந்துதான் கிளைத்தது.

1985ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ஈட்டாக்’ கருவியை உருவாக்கிய ஸ்டான் ஹனி, பந்தயப் பாய்மரப் படகுகளுக்குத் திசை கணித்தவர். பசிபிக் தீவு மாலுமிகள், தங்கள் படகு அசையாமல் நிற்க, தீவுகள்தான் பின்னோக்கி நகர்கின்றன என்று மனத்தில் கணக்கு வைப்பார்கள். ஈட்டாக் திரையிலும் கார் நடுவிலேயே நிற்கும். வரைபடம்தான் நகரும், திரும்பும்.

அந்த வரைபடம் கேசட் டேப்பில் இருந்தது. வேண்டிய பகுதி வரும்வரை டேப் ஓடியாக வேண்டும். 1987ல் டொயோட்டா கிரவுன் காருக்குள் சிடி வந்ததும் இந்தத் தொல்லை குறைந்தது. லேசர் கதிர் வேண்டிய இடத்துக்கு நேராகத் தாவும். அந்தத் தாவலுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால், ஊரில் அடுத்தடுத்து இருக்கும் பகுதிகளைத் தட்டிலும் அடுத்தடுத்தே பதிந்தார்கள்.

தட்டு வரைபடத்தைத் தரும். கார் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. செயற்கைக்கோள் உதவியோடு காரிலேயே பொருத்தி விற்ற கருவி, 1990ல் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோவில்தான் வந்தது. அதற்கு முன் சக்கரச் சுழற்சியை எண்ணித் தூரத்தையும், காந்த உணர்வியைக் கொண்டு திசையையும் கணித்தார்கள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓடுமே, அந்த வித்தியாசமும் கணக்கில் சேரும். ஆனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, சில கிலோமீட்டருக்குள் கணக்கு காரை யார் வீட்டுக்குள்ளாவது நிறுத்திவிடும். அப்போது கருவி வரைபடத்தைப் பார்க்கும். கார் சாலையில்தானே போக முடியும்? வலப்பக்கம் திரும்பியது என்றால் அங்கே ஒரு தெருமுனை இருந்தாக வேண்டும். அந்த முனைக்குக் காரை இழுத்து வைத்து, அதுவரை சேர்ந்த பிழையை அழித்துவிடும். என்னை மிகவும் கவர்ந்த யோசனை இதுதான்.

கடலில் இது எடுபடாது. எண்ணுவதற்குச் சக்கரம் இல்லை, இழுத்து வைக்கச் சாலையும் இல்லை. போதாக்குறைக்கு நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரை மறைந்த பிறகு செயற்கைக்கோள்தான் கதி. நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது, 2013 ஜூலை 1 அன்று பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பியது. ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தக் குப்பத்து மக்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவைக்கிறார்கள். பிழைப்பை விட்டு இடம்கொடுக்கும் இவர்கள் கைக்கு அந்தச் செயற்கைக்கோள்களின் பலன் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, வரைபடமும் பழசாகக் கூடாது. சிடி வரைபடத்துக்கு அந்தப் பெருங்குறை இருந்தது: தட்டு அச்சான நாளோடு அதன் உலகம் நின்றுவிடும். புதுச் சாலைக்குப் புதுத் தட்டு வாங்க வேண்டும். பழவேற்காட்டு முகத்துவாரமோ மணல் மூடி, ஒதுங்கி, மறுபடி திறக்கும். போன பருவத்தில் ஜிபிஎஸ்ஸில் குறித்த புள்ளியை நம்பி இரவில் உள்ளே திரும்பினால் படகு மணலில் தட்டும். அங்கே அலை எங்கே உடைகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் படகில் ஒருவராவது இருந்தாக வேண்டும்.