தாராக் கட்டைகள்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நகரங்களில் ‘டக்பின்’ என்றொரு பந்துருட்டு விளையாட்டு உண்டு. ‘டக்’ என்றால் தாரா. குட்டையாய், வயிறு பருத்து நிற்கும் பத்துக் கட்டைகளே அத்தாராக்கள். பந்து 3¾ இறாத்தலுக்கு மேற்படாது. விரல் நுழைக்கத் துளையும் இல்லை. ஒரு சுற்றுக்கு மூன்று பந்துகள் உருட்டலாம். எளிதென்றே தோன்றும். ஆனால் சிறிய பந்து கட்டைகளின் நடுவே வழி செய்துகொண்டு ஓடிவிடும். இருமருங்கும் உள்ளவை அசையாமல் நிற்கும். முழுப்புள்ளியாகிய 300ஐ அங்கீகாரம் பெற்ற ஆட்டமொன்றில் எவரும் எட்டியதில்லை. 1992இல் கனெற்றிக்கட் மாநிலத்தில் பெறப்பட்ட 279 புள்ளிகளே புகழ்பெற்ற சாதனை.

இதன் பிறப்பைப் பால்ற்றிமோர் நகரத்தார் தமக்கே உரிமையாக்குவர். 1900ஆம் ஆண்டளவில், மக்றோ, றொபின்சன் என்னும் பேஸ்போல் வீரர் இருவர் நடத்திய மண்டபத்தில், சிதறியெழுந்த கட்டைகள் பறக்கும் தாராக் கூட்டமாகத் தோன்றினவாம். கதை சுவையானதே, எனினும் 1890களிலேயே வடக்கேயுள்ள நியூ இங்கிலாந்துப் பத்திரிகைகளில் இப்பெயர் காணப்படுகிறது.

விழுந்த கட்டைகளை முன்னர் சிறுவர்கள் கூலிக்கு அடுக்கி நிறுத்தினர். 1953இல் கென் ஷேர்மன் என்பவர் அதற்கொரு தானியங்கிப் பொறி அமைத்தார், மண்டபங்கள் பெருகின. பின்னர் அப்பொறியின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆட்டத்தைத் தளர்த்தியது ஆர்வக்குறைவு மட்டுமன்று, உதிரிப்பாகப் பஞ்சமுமே. இன்று எஞ்சியவை பெரும்பாலும் மேரிலாந்து, கனெற்றிக்கட், றோட் ஐலன்ட் மாநிலங்களில் உள்ளன. ஒரு மண்டபம் மூடப்பட்டால், மற்றொன்றின் உரிமையாளர் அதன் பொறிகளைக் கழற்றி எடுத்துச் செல்கிறார். பழையதன் பற்சக்கரத்தில் அவருடைய பொறி இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.