கறந்த சூட்டோடு குடிக்கலாமா?

தரம் 9 விஞ்ஞான பாடத்தில் நுண்ணங்கிகள் பற்றிக் கற்பிக்கும்போது, பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், எங்கட மூத்தாப்பா கறந்த சூட்டோட குடிக்கிறவர். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையே?" வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. எமது ஊர்ப் பெரியவர்கள் பலரும் இதைத்தானே சொல்கிறார்கள்.

எல்லா மாட்டுப் பாலிலும் நோய்க்கிருமி இருப்பதில்லை. வீட்டில் நின்ற ஒரு மாட்டின் பாலைக் குடித்தவர் தப்பியிருக்கலாம். இன்று நாம் வாங்குவதோ பட்டிப் பால். பல மாடுகளின் பால் ஒரே கேனில் கலக்கிறது. அவற்றில் ஒன்று நோயுற்றிருந்தாலும் போதும்.

மடியில் ஒட்டிய சாணம், கறப்பவரின் கை, கழுவாத வாளி ஆகியவற்றின் மூலம் ஈ.கோலை, சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் பாலில் சேர்கின்றன. எமது வெப்பநிலையில் அவை வேகமாகப் பெருகும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பானால், ஒரு கிருமி 4 மணித்தியாலத்தில் 4,096 ஆகிவிடும். கரும்பலகையில் கணக்குப் போட்டபோதுதான் வகுப்பு அமைதியானது.

புரூசெல்லா வேறு வகை. இது நோயுற்ற மாட்டின் மடியிலிருந்தே பாலுடன் வருகிறது. எவ்வளவு சுத்தமாகக் கறந்தாலும் பயனில்லை. முன்னர் மால்டா தீவில் பிரித்தானியப் படையினரை ஒரு விடாக் காய்ச்சல் வாட்டியது. 1887 இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் அதன் கிருமியைக் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905 வரை தெரியவில்லை. காரணம், அதைச் சுமந்த ஆடுகள் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருந்தன. மால்டா வைத்தியர் சம்மித் ஆடுகளில் அதைக் கண்டுபிடித்தார். மறு வருடம் படையினருக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் சடுதியாகக் குறைந்தது. இலங்கையில் மாடு, எருமைகளிடையேயும் இந்நோய் உண்டு.

குளிர்சாதனப் பெட்டி கிருமியைக் கொல்லாது. லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளின் சிசுவுக்கு அது ஆபத்து. நோன்பு காலத்தில் பலூடாவுக்குக் காய்ச்சாத பாலைச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்பதும் சரியல்ல. சில விற்றமின்கள் சற்றுக் குறையும்; புரதமும் கல்சியமும் அப்படியே இருக்கும். தொழிற்சாலையில் 72 பாகை செல்சியசில் 15 செக்கன்கள் சூடாக்குகிறார்கள். வீட்டில் வெப்பமானி இல்லாததால் கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. நுரை பொங்கியவுடன் இறக்கிவிட வேண்டாம். கிளறி, முழுப் பாலும் கொதிக்க விடுங்கள். பச்சைப் பால் இருந்த பாத்திரத்தைக் கழுவாமல் காய்ச்சிய பாலை அதில் ஊற்றவும் வேண்டாம்.

புரூசெல்லா உடலில் புகுந்து சில வாரங்கள் கழித்தே காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி தொடங்கலாம். அதற்குள் குடித்த பாலை நோயாளி மறந்திருப்பார். பட்டியில் வேலை செய்பவர்களும் பச்சைப் பால் குடித்தவர்களும் விடாத காய்ச்சலோடு வைத்தியரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லுங்கள்.