இஸ்லாமிய அறவியலில் நன்னடத்தை, பணிவு, போதுமென்ற மனம்: தமிழ் முஸ்லிம் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இஸ்லாமிய அறவியலில் அதபு என்னும் நன்னடத்தையும், தவாளுஃ என்னும் பணிவும், கனாஅத் என்னும் போதுமென்ற மனமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பண்புகளாகும். இவற்றுள் போதுமென்ற மனம், எளியோரை அவர்களுடைய நிலையிலேயே அடங்கியிருக்கச் செய்யும் அறிவுரையாகப் பல வேளைகளில் பொருள்கொள்ளப்படுகிறது. மூல நூல்களும் தமிழ் முஸ்லிம் இலக்கிய மரபும் இப்பொருள்கோளுக்கு இடந்தருகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சீறாப்புராணத்தின் மானுக்குப் பிணை நின்ற படலம், வள்ளல் சீதக்காதியின் கொடை மரபு, குணங்குடி மஸ்தான் சாகிபின் துறவு வாழ்வு ஆகியன சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்

அதபு, பணிவு, கனாஅத், சீறாப்புராணம், உமறுப் புலவர், சீதக்காதி, குணங்குடி மஸ்தான் சாகிபு, திருக்குறள்.

முன்னுரை

அறநூல்கள் வற்புறுத்தும் பண்புகளை ஆராயுங்கால், அவை எவை என்பதோடு அவை யாரை நோக்கிக் கூறப்பட்டன என்பதையும் நோக்குதல் வேண்டும். பணிந்து நடக்க வேண்டும் என்னும் அறிவுரை ஆளுவோனிடம் கூறப்படும்போது அது அதிகாரத்திற்கு வரம்பாகிறது. ஆளப்படுவோனிடம் மட்டும் கூறப்படும்போது அடக்குமுறைக்குத் துணையாகிறது. போதுமென்ற மனமும் அத்தகையதே. செல்வனிடம் அது பேராசைக்குத் தடை. கூலி கேட்டு நிற்பவனிடம் அதுவே வாய்ப்பூட்டாக மாறக்கூடும்.

உமறுப் புலவரின் அடக்கத்தலம் அமைந்த எட்டயபுரத்திற்கு வடக்கே, மல்லாங்கிணறு முதல் சிவகாசி வரை விரியும் விருதுநகர் வட்டாரம், மானாவாரி வேளாண்மையோடு தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் கலந்த உழைப்பின் நிலமாகும். செய்து முடித்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் இங்குப் பலர். இத்தகைய நிலத்தில் போதுமென்ற மனத்தைப் பற்றிப் பேசுவோர், அப்பண்பின் எல்லை யாது என்னும் வினாவைத் தவிர்த்தல் இயலாது.

அதபு: அகத்தின் புறவடிவம்

அதபு என்னும் அரபுச்சொல் நடத்தை ஒழுங்கைக் குறிப்பது. பின்னர் இலக்கியத்தையும் குறிக்கலாயிற்று. தமிழ் முஸ்லிம்களின் பேச்சுவழக்கில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. பெரியோர் முன் நடந்துகொள்ளும் முறை, உண்ணும் முறை, ஓதும் இடத்தில் அமரும் முறை ஆகிய அனைத்தும் அச்சொல்லால் சுட்டப்படுகின்றன.

திருக்குர்ஆன் நன்னடத்தையை மிக நுட்பமான அன்றாடச் செயல்களில் வைத்து விளக்குகிறது. பிறர் வீட்டினுள் இசைவு பெற்றுச் சலாம் கூறிய பின்னரே நுழைதல் (24:27), தமக்குக் கூறப்பட்ட வாழ்த்திற்கு அதனினும் சிறந்த வாழ்த்தையோ அதற்கு இணையான வாழ்த்தையோ மறுமொழியாகக் கூறுதல் (4:86), ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளாமலும் பட்டப்பெயரிட்டு அழைக்காமலும் இருத்தல் (49:11), துருவி ஆராய்தலையும் புறங்கூறலையும் விலக்குதல் (49:12) ஆகியன அவற்றுட் சில. இவை அனைத்திலும் பொதுவாக நிற்பது, எதிரில் இருப்பவருடைய மதிப்பிற்கு ஊறு நேராமை என்னும் கருத்தாகும்.

இமாம் புகாரி, நபிமொழிகளைத் தொகுத்த தம் பெருநூலேயன்றி, நன்னடத்தைக்கென அல்-அதபுல் முஃப்ரத் என்னும் தனிநூலையும் தொகுத்தார். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யா உலூமித்தீன் நூலை வழிபாடு, வழக்கங்கள், அழிவு தருவன, ஈடேற்றம் தருவன என நான்கு பகுதிகளாக, பகுதிக்குப் பத்து இயல்கள் வீதம் அமைத்தார். உண்ணல், பொருளீட்டல், நட்பு, பயணம் முதலியவற்றின் ஒழுங்குகள் வழக்கங்கள் என்னும் பகுதியில் இடம்பெறுகின்றன. உடலின் தோற்றத்தைக் குறிக்கும் கல்க் என்னும் சொல்லும் உள்ளத்தின் இயல்பைக் குறிக்கும் குலுக் என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். எண்ணிப் பாராமலே எளிதாக நற்செயலைப் பிறப்பிக்கும் நிலைத்த உள்ளத்தியல்பே நற்குணம் என்பது அவர்தம் வரையறை. எனவே வலிந்து காட்டும் மரியாதை அதபின் தொடக்கமாகலாம்; அதன் நிறைவு ஆகாது.

பணிவு: மறுத்தலும் இழித்தலும் இன்மை

தவாளுஃ என்பது தாழ்த்தி வைத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றியது. இதன் எதிர்ப்பண்பாகிய கிப்ரு என்னும் செருக்கை நபிகள் நாயகம் (ஸல்) விளக்கிய முறை குறிப்பிடத்தக்கது. நல்லுடையும் நற்காலணியும் அணிய விரும்புதல் செருக்காகுமா என ஒருவர் வினவியபோது, அது செருக்கன்று என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே செருக்கு என்றும் நபிகளார் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இவ்விளக்கம் பணிவை உடையிலிருந்து பிரித்து, உண்மையோடும் மனிதரோடும் கொள்ளும் உறவில் வைக்கிறது. எளிய உடை அணிந்தவரும் செருக்குடையவராதல் கூடும் என்பது இதனின்று பெறப்படும்.

லுக்மான் தம் மகனுக்குக் கூறிய அறிவுரையில் மக்களிடமிருந்து முகத்தைத் திருப்பாமை, இறுமாந்து நடவாமை, குரலைத் தாழ்த்துதல் ஆகியன இடம்பெறுகின்றன (31:18–19). செருக்கோடு நடப்பவன் நிலத்தைப் பிளக்கவோ மலைகளின் உயரத்தை எட்டவோ இயலாது என்பதைப் பிறிதோரிடம் நினைவூட்டுகிறது (17:37). முகம், நடை, குரல் என்னும் மூன்றும் புறத்தே புலப்படுவன. உள்ளத்துப் பணிவு வெளிப்படும் வாயில்கள் அவையே ஆதலின், அதபும் தவாளுஃவும் இங்கு ஒன்றாகின்றன.

உமறுப் புலவர் வாழ்வைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று இவ்விடத்துக் கருதத்தக்கது. எட்டயபுர அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற அவர், நபிகளாரின் வரலாற்றைக் காப்பியமாகப் பாட விழைந்து, கீழக்கரைப் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவை அணுகினார். புலவருடைய அரசவைக் கோலத்தைக் கண்ட அறிஞர் முதலில் உரைவிளக்கம் அளிக்க இசையவில்லை என்றும், பின்னர் கனவின் வாயிலாக மனம் மாறி உதவினார் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. இது வரலாற்று ஆவணமன்று. எனினும், சமூகம் இக்கதையைப் போற்றி வைத்திருக்கும் முறை கருத்திற்குரியது. புறத்தோற்றத்தைக் கொண்டு ஒருவரை அளத்தல் கற்றறிந்தோர்க்கும் நேரக்கூடிய பிழை. அதனை உணர்ந்து திருத்திக்கொள்வதே கற்றோரின் பணிவு என்பது அதன் உட்கருத்தாகும்.

கனாஅத்: போதுமென்ற மனம்

செல்வம் என்பது உடைமைகளின் பெருக்கமன்று, உள்ளத்தின் நிறைவே என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பொருளில் தம்மினும் மேலோரை நோக்காமல் கீழோரை நோக்குமாறு அறிவுறுத்தும் நபிமொழியும் உண்டு. இவற்றை மட்டும் கொண்டு நோக்கின், கனாஅத் முயற்சியின்மைக்கு வழிவகுப்பதாகத் தோன்றலாம். ஆனால், கயிற்றை எடுத்துச் சென்று விறகு கட்டி முதுகில் சுமந்து விற்றல், பிறரிடம் கையேந்துவதினும் மேலானது என்பதும் நபிமொழியே. ஆகவே போதுமென்ற மனம் உழைப்பை விலக்குவதன்று. உழைப்பின் பயனுக்கு அப்பால், பிறர் உடைமை மீது படரும் ஏக்கத்தையே அது விலக்குகிறது. கஸ்ஸாலி கனாஅத்தைப் பொருட்பற்று, கஞ்சத்தனம் ஆகிய நோய்களை ஆராயும் இயலில் வைத்துப் பேசுவதும் இதனை உறுதிப்படுத்துகிறது.

இதனினும் அழுத்தமான சான்று திருக்குர்ஆனிலேயே உள்ளது. பலிப்பிராணியின் இறைச்சியை யாருக்கு அளிக்க வேண்டும் எனக் கூறும் வசனம் (22:36), கானிஃ, முஃதர் என்னும் இருவரைச் சுட்டுகிறது. உரையாசிரியர் பலர் முன்னவரை உள்ளதைக் கொண்டு நிறைவுற்றுக் கேளாதிருப்பவர் என்றும், பின்னவரைத் தேவையோடு நாடி வருபவர் என்றும் விளக்குவர். இவ்விளக்கத்தின்படி, கனாஅத் உடையவர் கேட்கமாட்டார் என்பது கொடுப்பவரின் கடமையைக் குறைப்பதில்லை. தேடிச்சென்று கொடுக்கும் பொறுப்பைக் கூட்டுகிறது. தன்மானத்தால் கேளாதிருப்பதால் அறியாதோர் செல்வர் எனக் கருதும் வறியோரைப் பற்றிய வசனமும் (2:273) இதனையே வலியுறுத்துகிறது. வறியவரின் நிறைவு செல்வருக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

உரிமையும் போதுமென்ற மனமும்

நபிகளாரிடம் கடன் கொடுத்திருந்த ஒருவர் அதனைத் திருப்பிக் கேட்டபோது கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவரைத் தண்டிக்க முனைந்தனர். நபிகளார் அவர்களைத் தடுத்து, உரிமை உடையவருக்குப் பேச இடமுண்டு எனக் கூறி, அவருக்குரிய ஒட்டகத்தினும் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார். புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் காணப்படும் இந்நிகழ்ச்சி மூன்று பண்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிறது. கடுஞ்சொல் கேட்டும் சினவாமை நன்னடத்தை. தலைமை நிலையில் இருந்தும் கடனாளியின் நிலையை ஒப்புக்கொள்ளுதல் பணிவு. கூடுதலாகக் கொடுத்தல் உள்ளத்தின் நிறைவு. இம்மூன்றும் இங்குக் கொடுக்க வேண்டியவரிடமே எதிர்பார்க்கப்படுகின்றன. கேட்பவரிடம் போதுமென்ற மனம் வற்புறுத்தப்படவில்லை.

இதனோடு, வசதியுடையவர் கடனைத் தள்ளிப்போடுதல் அநீதி என்னும் நபிமொழியும், உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் இப்னு மாஜா தொகுப்பின் நபிமொழியும், முழு வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக இறைவனே வழக்காடுவான் என்னும் கருத்துடைய புகாரி தொகுப்பின் நபிமொழியும் சேர்த்து எண்ணத்தக்கன. கூலி கேட்டல் கனாஅத்திற்கு முரணன்று. கூலியை நிறுத்திவைத்துப் போதுமென்ற மனத்தைப் போதித்தலே அதற்கு முரணாகும்.

மானுக்குப் பிணை: காப்பியச் சான்று

பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களால் ஆனது. அதில் வரும் மானுக்குப் பிணை நின்ற படலம் மேற்கூறிய கருத்துகளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். வேடன் ஒருவனது வலையிற் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர இசைவு வேண்டுகிறது. நபிகளார் வேடனிடம் அம்மானுக்காகப் பேசுகிறார். விட்ட மான் மீளுமோ என வேடன் ஐயுற, நபிகளார் தாமே பிணையாக நிற்கிறார். மான் சொன்னபடி கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இப்படலம் பொதுவாக அருளுடைமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும். ஆயினும், வேடனின் உரிமை இதில் எங்கும் மறுக்கப்படவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அவன் பிடித்த மான் அவனுடைய உணவு. நபிகளார் அதனைப் பறித்து விடுவிக்கவில்லை; அவனை இழித்துப் பேசவும் இல்லை. அவனுக்கு நேரக்கூடிய இழப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு கேட்கிறார். எளியவன் ஒருவனுடைய இசைவிற்காக உயர்ந்தோர் காத்து நிற்பதே இக்காட்சியில் பணிவாக வடிவம் பெறுகிறது.

கொடையும் துறவும்

உமறுப் புலவரை ஆதரித்த கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதி, இறந்த பின்னரும் கொடுத்தவர் எனத் தமிழ் வழக்கில் நிலைபெற்றவர். அவருக்குப் பின் சீறாப்புராணத்திற்கு ஆதரவளித்த பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயரைக் காப்பியம் பல இடங்களில் நன்றியோடு குறிக்கிறது. இவ்விருவரும் செல்வத்தைத் துறந்தவரல்லர், செல்வத்தால் கட்டுண்ணாதவர். செல்வரிடத்து கனாஅத் கொடையாக வெளிப்படும் என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

மறுமுனையில் நிற்பவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிற் பிறந்த அவர், இளமையிலேயே இல்லம் துறந்து, சென்னை இராயபுரத்தில் வாழ்ந்து 1838இல் மறைந்தார். பராபரக்கண்ணி, எக்காலக்கண்ணி முதலிய அவர்தம் பாடல்களில் பொருட்பற்றைக் கடிந்து தம் நெஞ்சையே இடித்துரைக்கும் போக்கு மிகுதி. அவர் பற்றின்மையைப் பிறருக்கு விதிக்கவில்லை. தம் மீதே விதித்துக்கொண்டார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர் மீது நான்மணிமாலை பாடியமை, அப்பணிவு சமய எல்லை கடந்து மதிக்கப்பட்டதைக் காட்டும்.

திருக்குறளும் இவ்விரு நிலைகளை வேறுபடுத்துகிறது. பிறர் பொருளை விரும்பாத வெஃகாமை இல்லறவியலில் வைக்கப்பட, அவா அறுத்தல் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. கனாஅத், ஜுஹ்து என்னும் பாகுபாட்டோடு இவ்வமைப்பு ஒப்புநோக்கத்தக்கது. இல்லறத்தானிடம் துறவியின் வறுமையை எதிர்பார்த்தல் இரு மரபுகளிலும் இல்லை. தமிழ் முஸ்லிம் புலவர்கள் இஸ்லாமிய அறத்தைத் தமிழில் அயன்மையின்றிப் பாட இயன்றமைக்கு இவ்வொப்புமையும் ஒரு காரணமாகலாம்.

முடிவுரை

நன்னடத்தை பிறர் மதிப்பைக் காக்கும் புறவடிவம். பணிவு அதன் வேர். போதுமென்ற மனம் அவ்வேர் ஊன்றிய நிலம். இம்மூன்றும் முதற்கண் ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்பவை. ஆற்றலும் பொருளும் மிகுந்தோரிடம் அவை மிகுதியாக எதிர்பார்க்கப்படுகின்றன என்பதைக் கடன் கேட்டவர் நிகழ்ச்சியும் மானுக்குப் பிணை நின்ற படலமும் காட்டுகின்றன. கேளாதிருக்கும் வறியவரையும் தேடிக் கொடுக்கப் பணிக்கும் மரபு, கேட்கும் உழைப்பாளியை நிறைவற்றவர் எனக் குறைகூற இடந்தருவதில்லை. போதும் என்னும் சொல்லைத் தன் வருவாயை நோக்கி ஒருவர் கூறின் அது அறம். பிறர் கூலியை நோக்கிக் கூறின், அச்சொல் அவ்வறத்தின் பெயரை மட்டுமே தாங்கி நிற்கும்.