புல்டோசரின் பூர்வீகம்

மண் தள்ளும் இயந்திரம் வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே புல்டோசர் என்ற சொல் வந்துவிட்டது. அது பிறந்தது ஒரு தேர்தல் களத்தில். 1876-இல் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, உள்நாட்டுப் போருக்குப் பின் வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்களை லூசியானாவில் வெள்ளையர் கும்பல்கள் சாட்டையால் அடித்தன, சிலரைக் கொன்றும் போட்டன. குடியரசுக் கட்சிக்கு அவர்கள் வாக்களித்துவிடக் கூடாது என்பதே நோக்கம். அந்த அடிக்குப் பெயர் 'புல்டோஸ்', அதாவது காளைக்குக் கொடுக்கும் அளவு டோஸ். மருந்துக்குச் சொல்லும் அதே டோஸ்தான். கடுமையாகத் திட்டுவதைத் தமிழில் 'டோஸ் விடுவது' என்கிறோமே, அதுவும் இதுதான். அடித்தவர்கள் புல்டோசர்கள். லூசியானா உட்பட சில மாநிலங்களின் முடிவு மாதக்கணக்கில் இழுபறியாகி, தேர்வாளர் வாக்குகளில் 185-க்கு 184 என்ற கணக்கில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹேய்ஸ் அதிபரானார். அந்தச் சர்ச்சையோடு சேர்ந்து இந்த வட்டார வழக்கும் நாடெங்கும் பரவி, மிரட்டிப் பணியவைப்பது என்ற பொருளில் நிலைத்தது.

ஆளைப் பணியவைத்த சொல் அடுத்து இரும்பைப் பணியவைக்கப் போனது. கனத்த இரும்புப் பட்டைகளைக் கிடைமட்டமாக அழுத்தி வளைக்கும் பட்டறை இயந்திரத்துக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். மண் வேலைக்கு வந்தது அதற்கும் பிறகுதான். 1923-இல் கான்சஸ் மாநிலத்தில் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் மெக்லியாட் என்ற வரைவாளரும், எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடுவதற்காக டிராக்டரின் முன்னால் பொருத்தும் தகடு ஒன்றைச் செய்தார்கள். ஆரம்பத்தில் புல்டோசர் என்றால் இப்படிப்பட்ட பிளேடு மட்டும்தான், டிராக்டர் தனி. பிளேடின் முகம் குழிவாக இருப்பதால், கீழ்விளிம்பு சீவிய மண் மேலேறிச் சுருண்டு முன்னால் விழுந்து உருண்டுகொண்டே போகும். செயின் பட்டைகள் வண்டியின் எடையைப் பரப்பித் தரையைப் பற்றிக்கொள்வதால், சக்கரம் வழுக்கும் சேற்றிலும் அது தள்ளும். நாளடைவில் பிளேடின் பெயரே முழு வண்டிக்கும் ஆகிவிட்டது.

காளைபோல் முட்டித் தள்ளுவதால்தான் இந்தப் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். கோவேறு கழுதைகளைப் பூட்டிப் பலகையால் மண் தள்ளும் வழக்கம் முன்பே இருந்ததால், இந்த விளக்கம் பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. காளை என்ற படிமம் இயந்திரத்தோடு பெயர் ஒட்டிக்கொள்ள உதவியிருக்கலாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மூலம் அதுவென்றால், சொல்லின் பழைய பதிவுகள் மண் வேலையைப் பற்றி இருக்க வேண்டும். 1876-ஐ ஒட்டிய பதிவுகளோ சாட்டையையும் வாக்குச்சீட்டையும் பற்றியே பேசுகின்றன. பெயரின் பின்பாதிக்கும் இந்த விளக்கத்தில் இடமில்லை. பழைய எழுத்துக்கூட்டலில் 'இசட்' வரும் இடத்தில் 'எஸ்' போட்டும் எழுதியிருக்கிறார்கள். அப்படிப் படித்தால் டோஸ் நேராகவே தெரிகிறது.