ஏழு பேருக்கு இரண்டு ஜாக்கெட்!

எங்கள் ஊர் மரக்காணம். உப்பளமும் கடலும் தினம் பார்ப்பதுதான். மே விடுமுறைக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் பிள்ளைகளோடு வந்திருந்தாள். மாலத்தீவில் பணக்காரர்கள் மாலுமி, சமையல்காரரோடு சொகுசுப் படகையே வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றுவதை டி.வி.யில் பார்த்துவிட்டு, "நாமும் போட்ல போகணும்" என்று வாண்டுகள் ஒரே பிடிவாதம்!

நம்ம வசதிக்கு ஆலம்பரைக் கோட்டைதான். வடக்கே கடப்பாக்கம் பக்கத்தில், 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப் போட்ட கோட்டை. அதையொட்டிய கழிமுகத்தில் மீனவர்கள் அக்கரை மணல்திட்டுக்குப் படகில் கூட்டிப் போவார்கள்.

"நூறு ரூபாம்மா" என்றார் படகுக்காரப் பெரியவர். நாத்தனார் ஏறப் போய்விட்டாள். நான்தான், "படகுக்கா, ஆளுக்கா? திரும்பக் கூட்டி வர்றதும் சேர்த்தா அண்ணே?" என்று கேட்டேன். ஆளுக்காம், திரும்புவதும் சேர்த்துத்தான். சரியென்று பார்த்தால், ஏழு பேருக்கு இரண்டே லைப் ஜாக்கெட். நான் ஏற மாட்டேன் என்றுவிட்டேன்.

"பத்து நிமிஷம்தானே, ஊரே பார்க்குது" என்று கணவர் முகத்தைச் சுளித்தார். எனக்குப் பழவேற்காடு ஞாபகம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இப்படித்தான் சொந்தபந்தமாகப் படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். தேக்கடியில் 2009-ல் 45 பேர். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் பெரிய படகே கவிழும்போது இது எம்மாத்திரம்?

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் படகிலிருந்து இன்னும் இரண்டு வாங்கி வந்தார். "ரெண்டு நடையா போகலாம்மா. டீசலுக்கு இருநூறு சேர்த்துக் குடுங்க" என்றார். கணவர் வாயைத் திறப்பதற்குள் என் சிறுவாட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

முதல் நடையில் நாத்தனாரும் மூன்று பிள்ளைகளும். அவர்கள் அக்கரையில் இறங்கிக் கையசைக்கும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. அடுத்து நாங்கள். மாமியார்தான் முரண்டு பிடித்தார். "ஜாக்கெட்டா? அதான் போட்டிருக்கேனேடி!" பெரியவர் சிரித்த சிரிப்பில் துடுப்பே நழுவப் பார்த்தது.

ஒருபுறம் கழி, மறுபுறம் கடல், நடுவில் மணல். பிள்ளைகளுக்கு அதுவே மாலத்தீவு. அந்தக் காலத்தில் உப்பு மூட்டைகள் பக்கிங்காம் கால்வாயில் படகில் போன கதையை மாமியார் சொல்ல, வாயைப் பிளந்து கேட்டார்கள்.

போட்டோவில் எங்கள் புதுப் புடவை எதுவும் தெரியவில்லை, எல்லாம் ஆரஞ்சு நிறம்தான் என்று நாத்தனாருக்கு இன்னமும் குறை.

- ஒரு வாசகி, மரக்காணம்.