காஸ்டிக் சோடாவுக்கு மசியாத உலோகம்

மின்சார சைக்கிளுக்கு பேட்டரி கட்டித் தரும் பட்டறைகளில் எளிய சோதனை ஒன்று உண்டு. செல்களை இணைக்க வாங்கிவந்த நிக்கல் பட்டையின் முனையை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். சில நாட்களில் தேய்த்த இடம் செம்பழுப்பாகத் துருப்பிடித்தால் அது நிக்கல் முலாம் பூசிய இரும்பு. நிறம் மாறாமல் கிடந்தால் அசல்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. இரும்பைப் போலவே நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ஏறக்குறைய 360 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால்தான் அந்தக் குணம் போகும். புலி உருவம் பொறித்த 1947-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயம் வீட்டில் இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக வந்த அந்த நாணயம் நிக்கலால் ஆனது.

போலிப் பட்டையில் என்ன நஷ்டம்? இரும்பில் மின்தடை அதிகம். அதிக மின்சாரம் பாயும்போது பட்டை சூடேறும், செல்லும் சேர்ந்து சூடேறும். செம்பு இன்னும் நன்றாக மின்சாரத்தைக் கடத்துமே என்றால், ஸ்பாட் வெல்டிங் வைக்கும்போது சூடு ஓரிடத்தில் நிற்காமல் ஓடிவிடும். நிக்கல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வளைத்தால் ஒடியாது, வெல்டிங்கும் பிடிக்கும், துருவும் ஏறாது.

உலகில் எடுக்கப்படும் நிக்கலில் பெரும்பங்கு எவர்சில்வருக்குள் போய்விடுகிறது. தனியாக, 99 சதவீதத்துக்குக் குறையாத தூய்மையோடு விற்கப்படும் நிக்கல் கொஞ்சம்தான். தொழிற்சாலைகளில் அதில் 'நிக்கல் 200', 'நிக்கல் 201' என்று இரண்டு ரகங்கள். இந்த உலோகத்தின் உண்மையான பலத்தைப் பார்க்க காஸ்டிக் சோடா ஆலைக்குத்தான் போக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் சேலம் மாவட்டம் மேட்டூரிலும் உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். அலுமினியப் பாத்திரத்தில் இதை ஊற்றினால் நுரைத்துப் பொங்கி பாத்திரத்தையே அரித்துவிடும். எவர்சில்வர் ஆறிய, நீர்த்த கரைசலைத் தாங்கும். கொதிநிலையில் உள்ள செறிந்த கரைசல் பட்டால் அதுவும் விரிசல் விடும்.

உப்புக் கரைசலைப் பகுக்கும் இன்றைய சவ்வு மின்கலத்திலிருந்து வெளியேறும் கரைசலில் காஸ்டிக் சோடா சுமார் 32 சதவீதம். அதைக் காய்ச்சி 50 சதவீதமாக்குவார்கள். சோப்புத் தயாரிப்பவர்கள் மூட்டையில் வாங்கும் வெள்ளைச் செதிலாக்க வேண்டுமானால் 98 சதவீதம் வரை போக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 400 டிகிரி சூடு வேண்டும். தண்ணீரெல்லாம் போய், உருகிய காஸ்டிக் சோடா குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். அந்தக் குழாய் நிக்கல். அதன் மேற்பரப்பில் உருவாகும் ஆக்சைடு படலம்தான் கவசம்.

அந்தக் கவசத்துக்கும் எதிரி உண்டு. மின்பகுப்பின்போது உண்டாகும் குளோரேட் சிறிதளவு கரைசலில் தங்கிவிடும். உச்ச வெப்பத்தில் அது நிக்கலை அரிக்கும். இதற்கு ஆலைக்காரர்கள் கண்ட மருந்து நாம் காபியில் போடும் சர்க்கரை! சர்க்கரைக் கரைசலை அளந்து சேர்த்தால், குளோரேட் சாதாரண குளோரைடாக மாறிவிடும்.

இன்னொரு எதிரி உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது. நிக்கல் 200-இல் கார்பன் 0.15 சதவீதம் வரை இருக்கலாம். குளிர்ந்த நிலையில் அதனால் தொல்லை இல்லை. 315 டிகிரிக்கு மேல் நெடுநாள் சூட்டிலேயே கிடந்தால், அந்தக் கார்பன் படிகத் துகள்களின் எல்லைகளில் கிராஃபைட்டாக ஒதுங்கும். மென்மையாக வளைந்துகொடுத்த உலோகம் மொறுமொறுப்பாகி உடையும். அதனால்தான் நிக்கல் 201 வந்தது. அதில் கார்பன் 0.02 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கந்தகமும் இதே கேட்டைச் செய்யும் என்பதால், வெல்டர் சுடர் காட்டுமுன் கந்தகம் கலந்திருக்கக்கூடிய கிரீஸையும் பெயின்ட் அடையாளத்தையும் ஒட்டத் துடைத்துவிடுவார்.

கார்பனுக்கும் நிக்கலுக்கும் இன்னொரு கதையும் உண்டு. 1889-இல் வேதியியலாளர் லுட்விக் மாண்டின் ஆய்வில் நிக்கல் வால்வுகள் கார்பன் மோனாக்சைடு பட்டு அரிபட்டன. காரணம் தேடியபோது, இரண்டும் சேர்ந்து 43 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஒரு திரவமாவது தெரிந்தது. கொடிய விஷம் அது. அதன் ஆவியை இன்னும் சூடாக்கினால் வாயு பிரிந்து தூய நிக்கல் படியும். 1902-இல் வேல்ஸ் நாட்டின் கிளைடாக்கில் இந்த முறையில் ஆலை எழுந்தது. வால்வைக் கெடுத்த வாயுவே சுத்திகரிப்புக்கு வழிகாட்டியது.

நிக்கலும் எல்லாவற்றையும் தாங்கிவிடாது. நைட்ரிக் அமிலத்தில் கரைந்துபோகும். விலையும் கூட. ஆனால் செதில் ஆலைக்குக் குழாய் வாங்குபவர் விலையைப் பார்த்துவிட்டு அடுத்தபடி பார்ப்பது சோதனைச் சான்றிதழைத்தான். அங்கே 99 என்ற எண் அவருக்குப் போதாது. கார்பன் என்ற கட்டத்தில் புள்ளிக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவார்.