கோடையும் தீ அபாயமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிலுள்ள திருப்பூர் ஜில்லாவிற்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பிரதானம். தை பிறந்தபின் மழை அருகி, மாசி முதல் ஆனைமலைச் சாரலில் புல்லும் சருகும் உலர்ந்து நெருப்புக்கு இரையாகும் நிலையை அடைகின்றன. 2018-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் மூண்ட தீ, காற்றின் வேகத்தால் பரவி, இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது.

இவ்வபாயம் மலைக்கு மட்டுமே உரியதென முதலிபாளையம் போன்ற சமவெளிக் கிராமத்தார் கருதலாகாது. உடுமலைக்குத் தெற்கே காடு கருகினால், அடுத்த மழையில் மேல்மண் கரைந்து அமராவதி அணையில் வண்டலாகப் படியும். சமவெளியிலோ, கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல்லும், களத்துச் சோளத்தட்டுப் போரும் அணையாத பீடித்துண்டு ஒன்றினால் அழியக்கூடும். காங்கேயம் மாடுகளுக்குக் கோடைத் தீவனம் அவையே.

ஆகவே குடியானவர்கள் மாசிக்குள் வேலியோரச் சருகை அகற்றி, போரைச் சுற்றி உழுதுவிடுதல் அவசியம். தட்டு முழுவதையும் ஒரே போராக இடாமல், இடைவெளி விட்டு இரண்டு மூன்றாக இடுதல் நலம். ஒன்று எரியினும் மற்றவை மிஞ்சும். காற்று வீசும் பகலில் வரப்பிலும் தரிசிலும் தீ வைத்தல் அறவே கூடாது.

இந்திய வானிலை இலாகா பிப்ரவரி முடிவையொட்டி வெளியிடும் கோடைகால முன்னறிவிப்பைக் கிராம அதிகாரிகள் யாவருக்கும் அறிவிப்பது பேருபகாரமாகும்.